மன்னா சலித்துப்போனால்: விசுவாசத்தில் பிரமிப்பைக் காத்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

வனாந்தரத்தில் ஒரு காலை பனி விலகியபோது தரையெங்கும் பொடிப்பொடியாக ஏதோ கிடந்தது. இஸ்ரவேலர் அதைப் பார்த்து ஒருவரையொருவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இது என்ன?" எபிரெயத்தில் "மான் ஹூ". அந்தக் கேள்வியே அந்த ஆகாரத்துக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. மன்னா என்று சொல்லும்போதெல்லாம் நாம் ஒரு கேள்வியைத்தான் உச்சரிக்கிறோம்.

இது யாத்திராகமம் 16. எண்ணாகமம் 11-க்கு வாருங்கள். அதே ஜனம் "இந்த மன்னாவைத் தவிர வேறொன்றும் இல்லையே" என்று கூடாரவாசலில் நின்று அழுகிறது. இரண்டு அதிகாரங்களிலும் உள்ள தேதிகளைக் கூட்டிப் பார்த்தால் நடுவில் போனது ஏறக்குறைய ஒரே வருஷம். வானத்திலிருந்து உணவு விழுவது ஒரு வருஷத்தில் பழசாகிவிட்டது! மன்னா விழுவது நின்றுபோகவில்லை, "இது என்ன?" என்று கேட்பதுதான் நின்றுபோனது.

அந்த முறுமுறுப்பின் நடுவே வேதம் செய்யும் ஒரு காரியத்தைப் பலர் கவனிப்பதில்லை. அழுகையைச் சட்டென்று நிறுத்திவிட்டு, மன்னா கொத்தமல்லி விதை அளவு இருந்தது, நிறம் இப்படி, ஜனங்கள் அதை எந்திரத்தில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள், பானையில் சமைத்தார்கள், அப்பமாகச் சுட்டார்கள், ருசி இப்படி என்று இரண்டு வசனங்கள் நின்று நிதானமாக விவரிக்கிறது. சலித்துப்போனவன் கண்ணுக்கு முன்னால் அதே பொருளை மறுபடி எடுத்துவைத்து "பார்" என்பதுபோல. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டு வசனங்களின் வேலையைத்தான் செய்கிறது. புது அனுபவம் தேடுவது எப்படி என்று இதில் எதுவும் இல்லை. கையில் இருப்பதை மறுபடி பார்ப்பது எப்படி என்பதுதான் இருக்கிறது.

தொடங்கும் முன்: இது சலிப்புதானா?

பாட்டு பாடினாலும் ஒன்றும் தோன்றவில்லை, வேதம் திறந்தால் எழுத்து மட்டுமே தெரிகிறது என்பவர்கள் உடனே "என் விசுவாசம் குளிர்ந்துவிட்டது" என்று தங்களைக் குற்றப்படுத்திக்கொள்கிறார்கள். அவசரப்படாதீர்கள். மூன்று வேறு வேறு காரியங்கள் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும்.

முதலாவது உடல் களைப்பு. 1 இராஜாக்கள் 19-ல் எலியா "போதும் கர்த்தாவே" என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. எழுப்பி, சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டு மறுபடி தூங்கினான். மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையும் அமர்ந்த மெல்லிய சத்தமும் அதற்குப் பிறகுதான். தினம் ஐந்து மணி நேரம் தூங்குகிறவர் கீழே உள்ள எந்தப் படியையும் தொட வேண்டாம். முதலில் இரண்டு வாரம் ஒழுங்காகத் தூங்கட்டும்.

இரண்டாவது துக்கமும் மனச்சோர்வும். எதிலுமே ருசியில்லை, பிடித்த சாப்பாட்டிலும் மனிதர்களிலும்கூட நாட்டமில்லை என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதை ஆவிக்குரிய பயிற்சியால் சரிசெய்யப் பார்ப்பது காலொடிந்தவனை ஓடச் சொல்வது போன்றது.

மூன்றாவதுதான் பழக்கத்தால் வரும் மரத்துப்போதல். மற்ற காரியங்களில் ஆர்வம் இருக்கும். தேவனுடைய காரியங்களில் மட்டும் "இதெல்லாம் தெரிந்ததுதானே" என்ற தொனி வந்திருக்கும். நாசரேத்தாருக்கு நேர்ந்தது இதுதான். "இவன் தச்சன் அல்லவா?" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. தெரிந்த அந்த ஒன்றே போதும் என்று நின்றுவிட்டதுதான் வினை. இந்த மூன்றாவது நிலைக்குத்தான் கீழே உள்ளவை.

எதைத் தேடுகிறோம்?

பிரமிப்பைப் பற்றி 2003-ல் வெளிவந்த ஓர் உளவியல் கட்டுரை அதை இரண்டு கூறாகப் பிரித்தது: நம்மைவிட மிகப் பெரிதான ஒன்று எதிரே நிற்கிறது; நம் மனதில் ஏற்கெனவே உள்ள சட்டத்துக்குள், அதாவது பழகிய வரம்புக்குள், அது அடங்க மறுக்கிறது. பெரியது என்பது மட்டும் போதாது. பெரிய கட்டடத்தைத் தினம் கடந்து போகிறோம், ஒன்றும் நடப்பதில்லை. சட்டம் உடைய வேண்டும்.

மாற்கு 4-ல் இது அப்படியே நடக்கிறது. புயல் அடித்தபோது சீஷர்கள் பயந்தார்கள். ஆனால் "மிகவும் பயந்து" என்ற வார்த்தை வருவது காற்று நின்று கடல் அமைதலான பிறகு. "இவர் யாரோ?" என்கிறார்கள். தங்களுக்குத் தெரிந்த போதகர் என்ற சட்டத்துக்குள் அவர் அடங்கவில்லை. வேதம் சொல்லும் தேவபயம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. தண்டனைக்கு நடுங்குவது வேறு. ஆகவே சிலிர்ப்பு, கண்ணீர், உடல் நடுக்கம் இவற்றை அளவுகோலாக வைக்காதீர்கள். "இவர் யாரோ?" என்ற கேள்வி உங்களுக்குள் மறுபடி எழுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

படி 1: பத்து நிமிடம், ஒரே பொருள்

"காட்டுப்புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப்பாருங்கள்" என்று மத்தேயு 6-ல் இயேசு சொன்னபோது அங்கே உள்ள கிரேக்கச் சொல்லுக்கு 'நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள்' என்றே பொருள். போகிறபோக்கில் ஒரு பார்வை பார்ப்பது அதில் சேராது. இதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்வோம்.

தேவையானவை: ஓர் இலை, ஒரு தாள், ஒரு பேனா, நேரம் பார்க்க ஒரு கடிகாரம். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

முதல் இரண்டு நிமிடம் மனம் பெயர் சொல்லும்: இலை, பச்சை, காம்பு. மூன்றாவது நிமிடத்திலிருந்து ஆறாவது நிமிடம் வரை சலிப்பு வரும், "பார்த்தாகிவிட்டது" என்று தோன்றும். பெரும்பாலோர் எழுந்துபோவது இங்கேதான். இது தடை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இதுதான் வாசல். தாளில் 1 முதல் 10 வரை எண் போட்டு, பார்ப்பதை ஒவ்வொன்றாக எழுதுங்கள். நான்கு வரை சுலபம். ஐந்துக்கு மேல் கண் உண்மையிலேயே வேலை செய்யத் தொடங்கும். நடு நரம்பு நுனிக்குப் போகப்போக மெலிவது. பக்க நரம்புகள் எதிரெதிராக இல்லாமல் மாறிமாறிப் புறப்படுவது. இரண்டு பக்க நரம்புகளுக்கு இடையே வலைபோல ஓடும் மிக மெல்லிய கோடுகள். பூச்சி கடித்த இடத்தின் விளிம்பு மட்டும் பழுப்பாக உலர்ந்து நிற்பது. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வேறொரு பச்சை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மூன்றாவதாக இன்னொரு பச்சை.

கண்ணுக்குத் தெரியாததையும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இலையின் அடிப்பக்கத்தில் பெரும்பாலும் சதுர மில்லிமீட்டருக்கு நூறு முதல் சில நூறு வரை இலைத்துளைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து மூட இரண்டு காவல் செல்கள். உங்கள் விரல் நுனி மறைக்கும் இடத்தில் ஆயிரக்கணக்கான வாய்கள் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கின்றன.

பத்து நிமிடம் முடிந்ததும் ஒரு கேள்வி எழுதுங்கள், பதில் எழுத வேண்டாம். பிறகு ஒரே ஒரு வாக்கியத்தில் ஜெபியுங்கள். "ஆண்டவரே, யாரும் பார்க்காத பக்கத்தையும் இப்படிச் செய்திருக்கிறீரே" என்ற அளவு போதும்.

இங்கே அடிக்கடி நேரும் பிழை, உடனே பாடம் எடுப்பது. "இலை உதிர்வதுபோல மனுஷனும் உதிர்வான்" என்று இரண்டாவது நிமிடத்திலேயே கருத்து வந்துவிடும். கருத்து வந்ததும் பார்வை நின்றுவிடும். பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. வந்தால் ஓரமாக வைத்துவிட்டு இலைக்குத் திரும்புங்கள். இன்னொரு பிழை படம் எடுப்பது. எடுத்த கணத்திலேயே மனம் "சேமித்தாகிவிட்டது" என்று கதவைச் சாத்திவிடும்.

வாரத்துக்கு மூன்று நாள் போதும். இலைக்குப் பதில் உங்கள் உள்ளங்கை, ஒரு தானியமணி, எறும்பு வரிசை, தண்ணீர்த் துளி எதுவும் ஆகலாம். உட்கார முடியாதவர்கள் நடக்கலாம். 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், முதியவர்கள் வாரம் ஒருமுறை 15 நிமிடம், எட்டு வாரங்கள், வியக்கத்தக்கதைத் தேடிக்கொண்டே நடந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட தற்படங்களில் வாரங்கள் போகப்போகத் தங்கள் உருவம் சிறிதாகவும் சுற்றியுள்ள காட்சி பெரிதாகவும் ஆனது. "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்" என்ற யோவான் ஸ்நானகன் ஞாபகத்துக்கு வந்தால் அது உங்கள் தவறில்லை.

படி 2: மாதம் ஒருமுறை வானம்

சங்கீதம் 8-ஐ வீட்டுக்குள் உட்கார்ந்து படிப்பதும் வானத்தின் கீழ் படிப்பதும் இரண்டு வேறு சங்கீதங்கள்.

அமாவாசையை ஒட்டிய இரவு நல்லது. தெருவிளக்கு நேரடியாகக் கண்ணில் படாத இடம் வேண்டும். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஆகவே சங்கீதத்தை முன்னதாகவே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒன்பதே வசனங்கள்தான். விளக்கு கட்டாயம் வேண்டுமென்றால் சிவப்புக் காகிதம் சுற்றிய மங்கலான விளக்கு. பாய் விரித்து மல்லாந்து படுங்கள். நின்றபடி அண்ணாந்தால் ஐந்து நிமிடத்தில் கழுத்து வலி பக்தியைத் தின்றுவிடும்.

சில எண்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு படுத்தால் பார்வை மாறும். நிலவின் வெளிச்சம் நம்மை எட்ட ஒன்றேகால் விநாடிதான். சூரியனிலிருந்து 8 நிமிடம் 20 விநாடி. நல்ல இருட்டில் மங்கலான புகைபோலத் தெரியும் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்திலிருந்து ஏறக்குறைய 25 லட்சம் வருஷம். உங்கள் கண்ணுக்குள் இப்போது நுழையும் அந்த வெளிச்சம் அவ்வளவு காலம் பயணித்து வந்திருக்கிறது. அதுதான் வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய மிகத் தொலைவான பொருட்களில் ஒன்று. நல்ல இருட்டிலும் ஒரு நேரத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரிவது சில ஆயிரம் நட்சத்திரங்களே. நம் பால்வீதியில் மட்டும் குறைந்தது பத்தாயிரம் கோடி இருக்கின்றன.

இதெல்லாம் எண்ணித் தீர்ந்த பிறகு சங்கீதக்காரனின் கேள்விக்கு வாருங்கள்: "மனுஷனை நீர் நினைக்கிறதற்கும்... அவன் எம்மாத்திரம்?" இங்கே ஒரு வழுக்கல் உண்டு. நாம் ஒன்றுமேயில்லை, தூசி என்ற இடத்தோடு பலர் நிறுத்திவிட்டு மனம் கனத்து எழுந்துபோகிறார்கள். சங்கீதம் அங்கே நிற்பதில்லை. அடுத்த வசனமே மகிமையினாலும் கனத்தினாலும் முடிசூட்டினதைச் சொல்கிறது. இவ்வளவு பெரியவர் நினைக்கிறார் என்பதுதான் சட்டத்தை உடைக்கும் இடம். இன்னொரு வழுக்கல், நட்சத்திரங்களோடேயே நின்றுவிடுவது. ஏசாயா 40:26 கண்களை ஏறெடுக்கச் சொன்ன கையோடு "அவைகளைச் சிருஷ்டித்தவர் யார்?" என்றும் கேட்கிறது.

மேகமா? நகர வெளிச்சமா? ஒரே ஒரு நட்சத்திரம் போதும்.

விஞ்ஞான விளக்கம் தெரிந்தால் பிரமிப்பு குறையும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. யோபு 38 முதல் 41 வரை படியுங்கள். கர்த்தர் யோபிடம் மேலோட்டமாகப் பேசவில்லை. வரையாடு குட்டிபோடும் காலம், தீக்குருவி முட்டையிடும் விதம், கழுகு கூடுகட்டும் இடம் என்று நுணுக்கமாகக் கேட்கிறார். விவரம் கூடக்கூட யோபு சிறுத்துப்போகிறான்.

படி 3: ஒரே பகுதி, ஐந்து நாள்

வருஷத்தில் வேதம் முழுவதையும் முடிக்கும் அட்டவணை நல்லதுதான், அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் தினம் மூன்று நான்கு அதிகாரம் ஓடுகிற வேகத்தில் யாரும் பிரமித்து நிற்க முடியாது. வருஷத்தில் ஆறு வாரமாவது அதை நிறுத்திவைத்து, வாரத்துக்கு ஏழு முதல் பன்னிரண்டு வசனம் மட்டும் எடுங்கள்.

12-ம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற துறவி இந்த வாசிப்பை நான்கு படியாக எழுதிவைத்தார்: வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், நோக்கியிருத்தல். தியானம் என்றதும் கண்மூடி மௌனமாக இருப்பது என்று நினைக்கிறோம். சங்கீதம் 1-ல் இரவும் பகலும் தியானிப்பதற்கு வரும் எபிரெயச் சொல் 'ஹாகா', முணுமுணுத்தல். ஏசாயா 31:4-ல் இரையின்மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும் அதே சொல்தான். ஆகவே வாய்விட்டுப் படியுங்கள்.

மாற்கு 4:35–41-ஐ எடுத்துக்கொண்டால் வாரம் இப்படிப் போகும். திங்கள்: சத்தமாக மூன்று முறை வாசிப்பது, அவ்வளவுதான். செவ்வாய்: இதுவரை கண்ணில் படாத பொருட்களைத் தேடுவது. கப்பலின் பின்னணியத்தில் ஒரு தலையணை இருக்கிறது. வேறே படவுகளும் கூட வந்தன. அவற்றில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லாமலேயே புயல் திடீரென்று நின்றது. அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? புதன்: ஒரே வாக்கியத்தைத் தேர்ந்து நாள் முழுதும் முணுமுணுப்பது, பாத்திரம் கழுவும்போதும் வரிசையில் நிற்கும்போதும். வியாழன்: அந்த வாக்கியத்தை ஜெபமாக மாற்றுவது, கேள்வியாக இருந்தால் கேள்வியாகவே. வெள்ளி: ஒருமுறை வாசித்துவிட்டு ஐந்து நிமிடம் ஒன்றும் கேட்காமல், ஒன்றும் சொல்லாமல் அவர் முன் இருப்பது.

வெள்ளிக்கிழமைதான் கஷ்டம். மனம் அலையும். அலைந்ததைக் கண்டதும் வாக்கியத்தை ஒருமுறை சொல்லித் திரும்புங்கள், அலைந்ததற்காக மன்னிப்புக் கேட்டு மீதி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். விளக்கவுரைகளை வியாழன் வரை திறக்காதீர்கள். மற்றவருடைய பதில் முதலில் வந்தால் உங்களுடைய கேள்வி பிறக்காது.

படி 4: சுவிசேஷத்தைக் குனிந்து பார்ப்பது

இலையையும் வானத்தையும் பார்த்து வியப்பவர் யாரும் இருக்கலாம். கிறிஸ்தவனின் பிரமிப்புக்கு மையம் சிலுவையும் வெறுமையான கல்லறையும். ஆனால் அதிகம் கேட்டு மரத்துப்போனதும் அதுதான்.

இவைகளை உற்றுப்பார்க்கத் தேவதூதரும் ஆசையாயிருக்கிறார்கள் என்று 1 பேதுரு 1:12 சொல்கிறது. அந்தக் கிரேக்கச் சொல்லில் குனிந்து எட்டிப்பார்க்கும் அசைவு இருக்கிறது. யோவான் 20:5-ல் சீஷன் கல்லறைக்குள் "குனிந்துபார்த்து" சீலைகளைக் கண்டபோதும் அதே சொல். நமக்குப் பழகிப்போனதைத் தூதர்கள் இன்னும் எட்டிப்பார்க்கிறார்கள்.

திருவிருந்து அல்லது நற்கருணைக்கு முந்தைய இரவு 15 நிமிடம் ஒதுக்குங்கள். யோவான் 13 அல்லது லூக்கா 23-லிருந்து ஒரு சிறு பகுதியை, முன்பின் தெரியாத ஒருவருக்கு முதல்முறை சொல்வதுபோல வேத வார்த்தைகளைத் தவிர்த்து உங்கள் சொந்தப் பேச்சில் எழுதுங்கள். "பாவநிவிர்த்தி", "இரட்சிப்பு", "கிருபை" இவற்றில் ஒன்றும் வரக்கூடாது. அரைப்பக்கம் போதும். தேய்ந்த சொற்களை எடுத்துவிட்டால் அடியில் இருப்பது கையைச் சுடும்: எல்லாம் தம் கையில் இருக்கிறது என்று அறிந்தவர், காட்டிக்கொடுக்கப் போகிறவனின் காலையும் கழுவுகிறார்.

ஊழியத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் படி மிகவும் தேவை. பிரசங்கிக்கிறவர், பாடற்குழு நடத்துகிறவர், ஞாயிறு பள்ளி ஆசிரியர் எல்லோருக்கும் பரிசுத்தமானவை தினமும் கையாளும் தளவாடமாக மாறிவிடும். உடன்படிக்கைப் பெட்டி பல வருஷம் அபினதாபின் வீட்டில் இருந்தது. 2 சாமுவேல் 6-ல் அதை நோக்கிக் கை நீட்டி அங்கேயே செத்துப்போன ஊசா அந்த வீட்டுப் பிள்ளை. அவன் உள்ளத்தில் என்ன இருந்தது என்று வேதம் சொல்லவில்லை, ஆனாலும் அந்த உறவு யோசிக்க வைக்கிறது. நடைமுறையில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: படி 3-க்கு எடுக்கும் பகுதியை அடுத்த ஆறு மாதம் பிரசங்கிக்கவோ பாடமெடுக்கவோ கூடாது. முதல் வாரம் கை துறுதுறுக்கும்.

படி 5: ஒரு பொற்பாத்திரம்

மன்னாவை மறுநாளுக்கு வைத்தால் பூச்சி பிடித்து நாறியது. ஆனால் அதே அதிகாரத்தில், ஒரு ஓமர் (ஒருவருக்கு ஒருநாள் அளவு) மன்னாவைப் பாத்திரத்தில் வைத்துத் தலைமுறைதோறும் காப்பாற்றச் சொல்லிக் கட்டளை வருகிறது. அது கெடவில்லை. முதலாவது, மறுநாள் வெளியே போய்ப் பொறுக்காமல் தப்பிக்க எடுத்தது. இரண்டாவது, பின்னால் வருகிறவர்கள் காணும்படி வைத்தது.

ஒரு சிறு நோட்டு வாங்குங்கள். தினம் இரவு இரண்டே வாக்கியம்: தேதி, இன்று கண்டது, அதில் எழுந்த கேள்வி. "அற்புதம்", "மகிமை", "ஆசீர்வாதம்" போன்ற சொற்களுக்கு இந்த நோட்டில் இடமில்லை. "மழை நின்றபின் சிலந்தி அறுந்த நூலை மறுபடி கட்டியது. எந்த நூலை முதலில் கட்டுவது என்று அதற்கு எப்படித் தெரியும்?" என்று எழுதினால் ஐந்து வருஷம் கழித்தும் அந்தச் சிலந்தி உங்கள் முன் நிற்கும். "தேவனின் படைப்பு மகத்தானது" என்று எழுதியதற்கு ஐந்து நாளில் பூச்சி பிடிக்கும்.

மாதக் கடைசி ஞாயிறு மட்டும் பின்னோக்கி வாசியுங்கள். தினம் பழைய பக்கங்களைப் புரட்டினால் இன்று பொறுக்கப் போக மாட்டீர்கள். சபையில் சாட்சியாகச் சொன்னால் எழுதியபடியே சொல்லுங்கள். பெரிதாக்கிச் சொல்லப்பட்ட ஒவ்வொரு சாட்சியும் கேட்கிறவர்களுக்குச் சாதாரண நாட்களை இன்னும் சாதாரணமாக்கிவிடுகிறது.

படி 6: கூட்டத்தோடும் பிள்ளைகளோடும்

ஆராதனைக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய் உட்காருங்கள், பேசாமல். பாடும் பாடல்களில் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் போதும். எல்லா வரிகளையும் உணர்ந்து பாட முயன்றால் எதுவும் நிற்காது.

பிள்ளைகளுக்கு வேதக் கதை சொல்லி முடித்ததும் "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?" என்று கேட்காதீர்கள். அவர்களுக்குப் பதில் தெரியும், எப்போதும் அதே பதில்தான்: கீழ்ப்படிய வேண்டும். அதற்குப் பதிலாக "மீனின் வயிற்றுக்குள் யோனாவுக்கு என்ன சத்தம் கேட்டிருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் பத்து விநாடி வாயை மூடிக்கொண்டிருங்கள். பத்து விநாடி பெரியவர்களுக்கு நீளம். பிள்ளை எதைச் சொன்னாலும் திருத்த வேண்டாம், "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள்.

விட்டுப்போனால்

ஒரு வாரம் ஒன்றுமே செய்யாமல் போகும், கட்டாயம் போகும். விட்டதைச் சேர்த்துச் செய்யாதீர்கள். மூன்று நாளுக்கான இலையை ஒரே நாளில் பார்க்க முடியாது. நோட்டில் காலியான நாட்களை நிரப்பாமல் காலியாகவே விடுங்கள், அடுத்த தேதியைப் போடுங்கள். மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியானதுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவானதுமில்லை என்பது ஓமரால் அளந்தபோது தெரிந்தது. நாளைக் காலை பனி விலகும்போது தரையைப் பார்த்தால் போதும்.